சந்திராஷ்டமத்தில் வந்த தேதி

போன வருடம் பாதி நாள் எங்கள் பம்பாய்ச் செம்பூர் வீட்டில் பேச்சு ஒரே விஷயத்தைப் பற்றித்தான். அது ஒரு தேதி. மகள் கடல் கடந்து இருக்கிறாள், அவளுக்குத் தலைப்பிரசவம். எங்கள் வழக்கப்படி முதல் பிரசவம் பெண்ணைப் பெற்றவர்கள் பொறுப்பு. பெண் அம்மா வீட்டுக்கு வந்துவிட வேண்டும். இவளால் வர முடியவில்லை. வந்தால் திரும்பிப் போவதில் சிக்கல் வரும் என்று அவள் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். எனவே அம்மா போக வேண்டும். அம்மா போக விசா, விசாவுக்கு நேர்காணல், நேர்காணலுக்கு இணையதளத்தில் ஒரு தேதி. அந்தத் தளத்தில் காலியாக இருந்த முதல் தேதி, குழந்தை பிறந்து, குப்புற விழுந்து, உட்காரவும் கற்றுக்கொண்டிருக்கக்கூடிய மாதத்தில் இருந்தது.

என் மனைவிக்கு விசா கேட்பது இது இரண்டாவது முறை. மூன்று வருடம் முன்பு மகளைச் சும்மா பார்த்துவிட்டு வர விண்ணப்பித்தாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நாள்காட்டித் தாளைப் பார்த்தாள். அன்று அவள் ராசிக்குச் சந்திராஷ்டமம். சந்திரன் ஒருவருடைய ராசிக்கு எட்டாம் இடத்தில் இருக்கும் இரண்டேகால் நாளில் அவர் எடுத்த காரியம் கைகூடாது என்பார்கள். மாதாமாதம் எல்லோருக்கும் வருவதுதான். தமிழ் நாள்காட்டியில் தாளின் அடியில் அச்சடித்திருக்கும். அதுவரை அவள் அதை மழைச் செய்தி மாதிரி படித்துவிட்டுக் கிழித்துப் போடுவாள். அன்றிலிருந்து அப்படி இல்லை.

எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாதவன் வீட்டில் செய்யக்கூடிய நல்ல காரியம் வாயை மூடிக்கொண்டிருப்பது என்பது கல்யாணமான முதல் வருடமே எனக்குத் தெரிந்துவிட்டது.

தேதி கிடைக்க ஒரே வழிதான் இருந்தது. ஏற்கெனவே பதிவு செய்தவர் யாராவது ரத்து செய்தால் அந்த இடம் தளத்தில் திறக்கும். சில நிமிடம் இருக்கும், அதற்குள் யாராவது எடுத்துவிடுவார்கள். ஆகவே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காலைக் காப்பி ஆனதும் நான் கணினி முன்னால் உட்காருவேன். குளித்துவிட்டு வந்து மனைவி உட்காருவாள். அரைமணிக்கு ஒருமுறை தளம் எங்களை வெளியே தள்ளிவிட்டு மறுபடியும் கடவுச்சொல் கேட்கும். மூன்று வாரம் இப்படிப் போயிற்று. என் கண்ணில் நீர் வடிய ஆரம்பித்தது. கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து, திரையைப் பார்க்காதீர்கள் என்றார்.

மகளிடம் போனில் இதைச் சொன்னேன். அவள் மென்பொருள் வேலையில் இருப்பவள்.

"அப்பா, பஸ் கரோ, போறும். நீங்க ஏன் உக்காந்துண்டு ரிஃப்ரெஷ் பண்ணிண்டே இருக்கேள்? பில்டிங் சொஸைட்டி லெட்டர் எழுத ஒரு ஏஐ வெச்சிண்டிருக்கேளே, அதை உங்க பிரவுசரோட கனெக்ட் பண்ணிடுங்கோ. அதுவே பாத்துக்கும்."

"அது எழுதும். பார்க்குமா?"

"கண்ணு நீங்க குடுக்கணும்" என்றாள்.

எப்படிச் செய்வது என்று ஒரு பக்கம் அனுப்பினாள். நான் மாட்டுங்காவில் பிறந்தவன். பள்ளிக்கூடம் முடித்ததும் ஷார்ட்ஹேண்டும் தட்டச்சும் படித்து, விக்ரோலியில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாகச் சேர்ந்து, கடைசியில் பெரிய அதிகாரியின் காரியதரிசியாக ஓய்வு பெற்றேன். கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் தட்டுவது ஒன்றுதான் என் தொழில். மகள் அனுப்பியதைப் படித்தபோது இது நம்மால் ஆகிற வேலைதான் என்று தோன்றியது.

நான் புரிந்துகொண்ட அளவில் ஏற்பாடு இப்படி. ஏஐ உதவியாளர் தானாக என் பிரவுசரைத் தொட முடியாது. நடுவில் ஒரு சிறிய நிரல் வேண்டும். அது என் கணினியிலேயே, என் வீட்டுக்குள்ளேயே ஓடும். பிரவுசரில் ஒரு துணைக்கருவியைச் சேர்க்க வேண்டும். உதவியாளர் நிரலிடம் சொல்லும், நிரல் துணைக்கருவியிடம் சொல்லும், துணைக்கருவி பக்கத்தைத் திறக்கும், படிக்கும், பொத்தானை அழுத்தும். படித்தது அதே வழியில் திரும்பி வரும். ஆபீஸில் பெரிய அதிகாரி என்னிடம் சொல்ல, நான் குமாஸ்தாவிடம் சொல்ல, குமாஸ்தா பியூனிடம் சொன்ன அதே வரிசைதான். வேறுபாடு, இதில் யாரும் டீ குடிக்கப் போகவில்லை.

முதலில் கணினி ஒத்துழைக்கவில்லை. பழைய மடிக்கணினி, பிரவுசரையும் உதவியாளரையும் சேர்த்துத் திறந்தாலே மூச்சு வாங்கியது. தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டில் எனக்குத் தெரிந்த கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். திருகாணியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இதுல மெமரி பத்தாது பாத்துக்கிடுங்க ஸார். இன்னொரு எட்டு ஜிபி போட்டாத்தான் ஓடும். என்னத்துக்கு, கேம் வெளயாடவா?" என்றார். விசாவுக்கு என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

பிறகு நிரலை நிறுவினேன். கறுப்புச் சாளரத்தில் வரிகளைத் தட்டுவதில் எனக்குச் சிரமம் இல்லை, சொல்லப்போனால் சந்தோஷமாகவே இருந்தது. ஆனால் இணைப்பு வரவில்லை. ஒரு முழு நாள் வரவில்லை. கடைசியில் பிழைச் செய்தியை அப்படியே உதவியாளரிடம் ஒட்டிக் கேட்டேன். அமைப்புக் கோப்பில் மூன்றாவது வரி முடிவில் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருக்கிறது என்றது. என் கடிதங்களில் காற்புள்ளி விட்டுப்போனதாக எந்த அதிகாரியும் சொன்னதில்லை. எரிச்சலோடு அதைப் போட்டேன். துணைக்கருவியின் மூலையில் பச்சைப் புள்ளி வந்தது.

"விசா தளத்தைத் திற" என்று எழுதினேன். என் கை சுட்டியின் மேல் இல்லை, மடியில் இருந்தது. பக்கம் தானாகத் திறந்தது. தேதிப் பட்டியல் தானாகக் கீழே நகர்ந்தது. மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"ஏன்னா, இது நம்ம பேங்க் பாஸ்வேர்டெல்லாம் பாத்துடுமோ?"

நியாயமான கேள்வி. இதற்கென்று பிரவுசரில் தனிக் கணக்கு திறந்து, அதற்குத் தனிக்குடித்தனம் வைத்தேன். அங்கே வங்கி கிடையாது, மின்னஞ்சல் கிடையாது. விசா தளம் ஒன்று, பஞ்சாங்கத் தளம் ஒன்று, அவ்வளவுதான். தளத்தின் விதிகள் இப்படியெல்லாம் பார்க்க அனுமதிக்கின்றனவா என்று நான் படிக்கவில்லை. படித்தால் தெரிந்துவிடுமே என்றுதான் படிக்கவில்லை. ஒரு நாளைக்கு ஆறு முறைக்கு மேல் பார்க்க வேண்டாம் என்று மாத்திரம் அதற்குச் சொல்லி வைத்தேன்.

பஞ்சாங்கம் எதற்கு என்றால், மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். நான் உதவியாளருக்கான கட்டளையை எழுதிக்கொண்டிருந்தேன். அவள் சமையலறையிலிருந்து சொன்னாள்.

"ராகுகாலமானாலும் பரவால்லை, செவ்வாக்கிழமையானாலும் பரவால்லை. சந்திராஷ்டமம் மாத்திரம் வேண்டாம்."

"கண்டிப்பாவா?"

"கண்டிப்பா. போன தடவை பட்டது போறும்."

அவள் 'கண்டிப்பாக' என்றதை நான் ஆபீஸ் ஆங்கிலத்தில் 'எந்தச் சூழ்நிலையிலும் கூடாது' என்று எழுதினேன். அவளுடைய ராசியைக் கொடுத்தேன். தேதி ஏதாவது திறந்தால் பஞ்சாங்கத்தைப் பார், அந்த நேரம் சந்திராஷ்டமமாக இருந்தால் விட்டுவிடு, இல்லையென்றால் அந்த இடத்தைப் பிடித்துவிட்டு மணி அடி என்றேன். உதவியாளர் ஒரு கேள்வி கேட்டது: சந்திராஷ்டமத்தில் மட்டுமே இடம் கிடைக்கிற நிலை வந்தால், விடுவதற்கு முன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கட்டுமா?

சொன்னதையே திரும்பக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது. என் அதிகாரிக்கும் பிடிக்காது. அவரிடமிருந்து எனக்குத் தொற்றிய குணம். 'தேவையில்லை' என்று தட்டினேன்.

அன்றிலிருந்து வீடு அமைதியானது. மடிக்கணினி சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் திறந்தபடி இருக்கும். காலை எட்டிலிருந்து பிற்பகல் வரை அவ்வப்போது திரையில் பக்கம் மாறும். மதியம் ஒரு வரி வரும்: இன்று எதுவும் பதிவு செய்யவில்லை. விவரம் வேண்டுமானால் பார்ப்பதற்கு ஒரு குறிப்புக் கோப்பும் எழுதிக்கொண்டு வந்தது. நான் அதைத் திறந்ததே இல்லை. கண்ணும் கொஞ்சம் தேவலையானது. சாயங்காலம் டைமண்ட் கார்டன் வரை நடந்துவிட்டு வர ஆரம்பித்தேன்.

மனைவி மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய்ப் பிரசவ லேகியத்துக்கான சாமான் வாங்கி வந்தாள். சுக்கு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை என்று பெரிய பொட்டலம். தேதி வராமல் எதற்கு வாங்குகிறாய் என்று நான் கேட்கவில்லை. இடித்துச் சலித்துக் கிளறி, நெய் மிதக்க ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்தாள். கொஞ்ச நாளில் அதைத் தாணேயில் அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்த தன் தங்கையின் நாட்டுப்பெண்ணுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, மறுபடி சாமான் வாங்கி வந்தாள். பழசைப் பெண்ணுக்குக் கொண்டுபோகக் கூடாதாம். ஒவ்வொரு மதியமும் நான் அந்த வரியைப் படித்துச் சொல்வேன். "சலோ, நாளைக்குப் பாப்போம்" என்பாள்.

டாக்டர் சொன்ன நாளுக்கு மூன்று வாரம் முன்னாலேயே மகளுக்கு வலி எடுத்துவிட்டது. மாப்பிள்ளைதான் போன் செய்தார். பதினாறு மணி நேரம். நடுவில் அவர் இரண்டு தடவை பேசினார். இரண்டாவது தடவை பின்னால் மகளின் குரல் கேட்டது. அம்மா, அம்மா என்றுதான் கத்திக்கொண்டிருந்தாள். வலியில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அம்மா இங்கே செம்பூரில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "இருக்கேன்டி, இருக்கேன்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போன் மாப்பிள்ளை கையில் இருந்தது. மகளுக்குக் கேட்டிருக்காது.

பெண் குழந்தை. இருவரும் சுகம். மறுநாள் திரையில் காட்டினார்கள். மனைவி குழந்தையை அதிகம் பார்க்கவில்லை. "காதுல பஞ்சு வெச்சுக்கோடி, தலையை மூடிக்கோ" என்று மகளிடமே பேசிக்கொண்டிருந்தாள். பத்தியத்துக்குப் பூண்டு ரசம் எப்படி வைப்பது என்று மாப்பிள்ளைக்குச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். அவர் நல்லவர். ஆனால் மிளகை அப்படியே முழுதாகப் போட்டுவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

இனி அவசரம் இல்லை என்பதால் நான் அந்த ஏற்பாட்டை நிறுத்தப் போனேன். மூடுவதற்கு முன், இத்தனை நாள் செய்ததைச் சுருக்கமாகச் சொல் என்று உதவியாளரிடம் கேட்டேன். வேலை முடிந்தால் அறிக்கை வாங்கி வைப்பது என் பழக்கம். எத்தனை முறை பார்த்தது, எத்தனை முறை தளம் வெளியே தள்ளியது என்றெல்லாம் எழுதிவிட்டு, கீழே ஒரு வரி எழுதியிருந்தது. பிரசவத்துக்கு ஆறு வாரம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஒரு இடம் திறந்தது. அடுத்து வந்த வியாழன், காலை ஒன்பதரை. பஞ்சாங்கப்படி அன்று மாலை நான்கு மணி வரை சந்திராஷ்டமம். உங்கள் விதிப்படி விடப்பட்டது. அடுத்த முறை பார்த்தபோது அந்த இடம் இல்லை.

நான் அதை மூன்று தரம் படித்தேன். பிறகு உதவியாளரிடம் ஒரு கெட்ட வார்த்தையைத் தட்டினேன். அதுவும் ஹிந்தியில், பம்பாய்க்காரனுக்குக் கோபம் அந்த பாஷையில்தான் சரளமாக வரும். அது மரியாதையாக வருத்தம் தெரிவித்துவிட்டு, விதியை மாற்ற வேண்டுமா என்று கேட்டது. மடிக்கணினியை மூடிவிட்டேன்.

அதன் மேல் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. நானே காரியதரிசியாக இருந்தவன். இன்று யாருடைய போனும் வேண்டாம் என்று அதிகாரி சொல்லியிருந்த ஒரு நாள், அவர் வீட்டிலிருந்து போன் வந்தது. அவருடைய அம்மா குளியலறையில் விழுந்துவிட்டார். நான் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே போனேன். 'யாருடைய போனும்' என்றால் யார் யாருடையது இல்லை என்று எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கூடவே இருந்ததால் தெரிந்தது. உதவியாளருக்கு அப்படித் தெரிய வழியில்லை. தெரியாது என்பது அதற்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் கேட்டது. நான்தான் தேவையில்லை என்றேன். என் வாழ்நாளில் நான் தட்டிய வார்த்தைகளில் இதைப் போல எதற்கும் நான் வெட்கப்பட்டதில்லை.

மனைவியிடம் சொல்லவில்லை. பயம்தான், வேறு காரணம் இல்லை. அவள் என்னை ஒரு குறையும் சொல்லவில்லை. "நீங்க என்ன பண்ணுவேள், பாவம், மாசக்கணக்கா அந்த மெஷினோட மல்லாடினேள்" என்று கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டாள். பதினோராம் நாள் புண்யாஹவாசனம் செய்து குழந்தைக்குப் பேர் வைத்தார்கள். போனில் பார்த்து இங்கிருந்தே அட்சதை போட்டோம். எதிர் வீட்டு மராத்திக்கார மாமியும் வந்து பார்த்தாள். நீங்கள் ஏன் போகவில்லை என்று அவள் ஹிந்தியில் கேட்டபோது, என் மனைவி சிரித்துக்கொண்டே, "க்யா கரே, தேதியே வரலை" என்றாள். என்ன செய்வது என்ற பாதி ஹிந்தி, மீதி தமிழ். மாமிக்குப் புரிந்தது.

மாமி போனதும் சொல்லிவிட்டேன்.

"ஒரு தேதி வந்தது."

அவள் தட்டில் இருந்த அட்சதையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என்ன தேதி?"

முழுவதும் சொன்னேன். அது என்னிடம் கேட்டதையும், நான் என்ன பதில் சொன்னேன் என்பதையும் விடவில்லை. அவள் தட்டை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வியாழக்கிழமை சாயங்காலம் நாலு வரைக்குமா?"

"ஆமாம்."

விரலை மடக்கி எண்ணினாள். "அப்போ செவ்வாக்கிழமை காலம்பறதான் ஆரம்பிச்சிருக்கும். திங்கக்கிழமையே பரஸ்தானம் வெச்சிருப்பேனே."

பரஸ்தானம் எனக்கும் தெரிந்த வழக்கம்தான். போயே ஆக வேண்டிய நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னாலேயே ஒரு நல்ல வேளையில் பையை எடுத்துப்போய் வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவார்கள். அப்போதே கிளம்பியாகிவிட்டது என்று அர்த்தம். பிறகு எந்த நாளில் போனாலும் தோஷம் இல்லை. விதியை எழுதியபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

"ராகுகாலம் கழிஞ்சு அந்த விசா ஃபைலைக் கொண்டுபோய் எதிராத்து மாமிகிட்ட குடுத்து வெச்சிருப்பேன்" என்றாள். "வியாழக்கிழமை அங்கேர்ந்து எடுத்துண்டு அப்படியே டாக்ஸில ஏறிருப்பேன்."

"நீதானே சொன்னே, கண்டிப்பா வேண்டாம்னு?"

இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

"சொன்னேன். ஆயிரம் சொல்லுவேன். தேதி வந்து நின்னா, வேண்டாம்னுடுவேனா?"

அவள் தட்டை எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்தாள். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சண்டை போடவில்லை, அழவும் இல்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஏன்னா, அஷ்டமம் என் ராசிக்குத்தானே? கெட்டது வந்தா எனக்குன்னா வந்திருக்கும். அவளை ஏன் தனியா விட்டேள்?"